தடுமாறித் தொடங்கிய நாயகர்கள்

கோபம் வந்தால் டாக்டர் புரூஸ் பேனர் பச்சை நிற ஹல்க்காக மாறிவிடுவார். சினிமா பார்த்த சிறு பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் 1962-இல் மார்வெல் வெளியிட்ட முதல் இதழில் கோபத்துக்கு வேலையே இல்லை. பொழுது சாய்ந்தால் பேனர் ஹல்க் ஆவார். விடிந்தால் மறுபடி மனிதராகிவிடுவார். நிறமும் பச்சை அல்ல, சாம்பல். அந்தக் காலத்து மட்டமான தாளில் சாம்பல் நிறம் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக விழுந்ததால், இரண்டாம் இதழிலேயே பச்சைக்கு மாற்றினார்கள். மூன்றாம் இதழில் ரிக் ஜோன்ஸ் என்ற இளைஞன் இட்ட கட்டளைக்கெல்லாம் ஹல்க் கீழ்ப்படிந்தது. நான்காம் இதழில் ஒரு கதிர்வீச்சு இயந்திரத்தின் முன்னால் நின்று, வேண்டும்போது பேனர் தானே மாறிக்கொண்டார். ஆறாவது இதழோடு, 1963 மார்ச்சில், தொடர் நின்றுபோனது.

ஆறு இதழ்களுக்குள் விதிகள் இத்தனை முறை மாறிய ஒரு தொடரை இன்று யாராவது தொடங்கினால், நான்காம் இதழ் வருவதற்குள் நாம் கைகழுவியிருப்போம். சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படிக்கிறவர்களிடம் இதைப்பற்றிச் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. தடுமாறிய தொடர் தேறுமா, எப்படித் தேறும், யார் தேற்றுவார்கள் என்பதையெல்லாம் மிக உறுதியாகச் சொல்கிறோம். வரலாற்றைப் புரட்டினால் அந்த உறுதிகளில் பல நிற்பதில்லை.

“ஆரம்பம் கோணினால் முடிவும் கோணல்தான்”

ஹல்க்கின் கதை ஆறாம் இதழோடு முடியவில்லை. முதலில், அது ஏன் நின்றது என்பதைப் பார்க்க வேண்டும். விற்பனை சுமார்தான். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. மார்வெலின் இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தது இண்டிபெண்டண்ட் நியூஸ் என்ற விநியோக நிறுவனம். அது போட்டியாளரான டிசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ எட்டு இதழ்களுக்குத்தான் அங்கே இடம் கிடைத்தது. புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டுமானால் இருப்பதில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். ஹல்க் இடத்தைக் காலி செய்தது.

ஆனால் கதாபாத்திரத்தை யாரும் புதைத்துவிடவில்லை. அடுத்தவர் வீட்டு விருந்தாளியாக ஹல்க் வந்துகொண்டே இருந்தது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் மோதியது. 1963-இல் தொடங்கிய அவெஞ்சர்ஸ் குழுவில் நிறுவன உறுப்பினராகச் சேர்ந்து, இரண்டாம் இதழிலேயே முறைத்துக்கொண்டு வெளியேறியது. 1964-இல் டேல்ஸ் டு அஸ்டானிஷ் என்ற இதழில் பாதிப் பக்கங்கள் கிடைத்தன. அங்கேதான், எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து செய்த கதைகளில், மனக்கொந்தளிப்பு ஏறினால் பேனர் மாறுவார் என்ற விதி நிலைபெற்றது. பகலும் இரவும் போய், ஒரு மனிதன் தன் கோபத்துக்கு அஞ்சி வாழும் கதை வந்தது. விநியோகக் கட்டுப்பாடு தளர்ந்த 1968-இல் அந்த இதழே 102-ஆம் எண்ணிலிருந்து ஹல்க்கின் பெயருக்கு மாறியது.

ஹல்க் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற அந்த ஒரு விஷயம், தொடர் செத்துப்போன பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. ஆரம்ப இதழ்களில் படைப்பாளிகள் தங்கள் கதை எதைப்பற்றியது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேடலைத்தான் நாம் தடுமாற்றமாகப் பார்க்கிறோம்.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மிக நெருக்கமான உதாரணம் உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர். அதன் முதல் கதையில் மாயாவி நாயகனே அல்ல. மறையும் சக்தி கிடைத்ததும் புத்தி பேதலித்து, கொள்ளையடித்து, ஊரையே மிரட்டும் ஆள். பிறகுதான் அவரை உளவாளியாக்கி நல்வழிக்குக் கொண்டுவந்தார்கள். லயன் காமிக்ஸ் வழியாக நாம் அறிந்த ஸ்பைடரும் அப்படியே. குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகப் புறப்பட்டு, பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடுபவன் ஆனவன். அந்த மாறிய காலத்துக் கதைகளை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்த இரண்டு நாயகர்களையும் முதல் கதையை மட்டும் வைத்து எடைபோட்டிருந்தால் ஒரு தலைமுறையின் கோடை விடுமுறைகளே வேறு மாதிரி இருந்திருக்கும்.

“எக்ஸ்-மென் 1975-இல் ஒரே இதழில் உயிர்த்தெழுந்தது”

இது பாதி உண்மை. அதனால்தான் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எக்ஸ்-மென் 1963 செப்டம்பர் தேதியிட்டு வந்தது. ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் தொடங்கிவைத்தார்கள். பிறவியிலேயே சக்தி பெற்றவர்கள், அதனாலேயே உலகம் வெறுக்கும் பிள்ளைகள். கரு அருமையானது. ஆனால் கிர்பி பதினேழாம் இதழ் அளவில் விலகினார். லீ பத்தொன்பதோடு விலகினார். அதன்பின் எழுத்தாளரும் ஓவியரும் மாறிமாறி வந்தார்கள். சீருடை மாறியது, குழு பிரிந்தது, குழுவை வழிநடத்திய பேராசிரியர் இறந்ததாகச் சொன்னார்கள். எதுவும் ஒட்டவில்லை. 1970 மார்ச் தேதியிட்ட 66-ஆம் இதழோடு புதுக்கதை நின்றது. அதே ஆண்டின் இறுதியில் இதழ் திரும்பி வந்தபோது உள்ளே இருந்தவை பழைய கதைகளின் மறுபதிப்பு. 93-ஆம் இதழ் வரை, ஐந்து ஆண்டு காலம், எக்ஸ்-மென் மறுபதிப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1975-இல் ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழை லென் வீன் எழுத, டேவ் காக்ரம் வரைந்தார். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், சோவியத் நாட்டிலிருந்து கொலாசஸ், கனடாவிலிருந்து வுல்வரின். வுல்வரின் அதற்கு முந்தைய ஆண்டு ஹல்க் இதழில் எதிராளியாக அறிமுகமாகியிருந்தான். புதிய முகங்கள், புதிய நாடுகள். அந்த இதழ் கதவைத் திறந்தது, சந்தேகமில்லை.

ஆனால் திறந்த கதவுக்குள் கூட்டம் அன்றே நுழைந்துவிடவில்லை. 94-ஆம் இதழிலிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் என்ற இளைஞர் எழுத வந்தார். இதழ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. அப்படியே 1978 வரை போனது. புதிய குழுவிலேயே ஜப்பானியரான சன்ஃபயர் வந்த வேகத்தில் விலகினார். தண்டர்பேர்ட் 95-ஆம் இதழில் இறந்தார். மூன்றாவது இதழுக்கு வருவதற்குள் குழுவில் இருவர் இல்லை! இன்று இப்படி நடந்தால், ஆசிரியருக்கே தொடர் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று எழுதிவிடுவோம்.

வுல்வரினின் நகங்கள் இன்னொரு சான்று. அவை கையுறையில் பொருத்தியவை என்றே முதலில் எண்ணியிருந்ததாக லென் வீன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவை அவன் உடம்பிலேயே இருப்பவை என்று 98-ஆம் இதழில்தான் தெரியவந்தது. கையுறையில் நகம் இருந்தால் அது ஆயுதம். சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் அது வலி. அந்த ஒரு மாற்றத்தில் கோபக்காரக் குள்ளன் ஒருவன் மனிதனானான்.

108-ஆம் இதழிலிருந்து ஜான் பைர்ன் வரைய வந்தார். 1980-இல் டார்க் ஃபீனிக்ஸ் கதை. ஜீன் கிரே என்ற பெண், தாங்க முடியாத சக்தி கைவந்து, ஒரு கோளையே அழித்து, 137-ஆம் இதழில் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். கிளேர்மான்டும் பைர்னும் முதலில் அவளை உயிரோடு விடும் முடிவைத்தான் செய்திருந்தார்கள். இத்தனை உயிர்களைக் கொன்றவளுக்கு அந்த முடிவு போதாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் கதை மாறியது. 1981-இல், 150-ஆம் இதழில், எதிரி மேக்னெட்டோ நாஜி வதைமுகாமில் தப்பிய பிள்ளை என்று தெரிந்தபோது முழுத் தொடரும் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. முதல் இதழில் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றிக் கொக்கரித்த அதே மேக்னெட்டோ! பதினெட்டு ஆண்டு ஆனது அவருக்கு ஒரு கடந்தகாலம் கிடைக்க.

கிளேர்மான்ட் 1991 வரை, பதினாறு ஆண்டு, அந்தப் பொறுப்பில் இருந்தார். அவரும் ஓவியர் ஜிம் லீயும் அந்த ஆண்டு தொடங்கிய புதிய எக்ஸ்-மென் முதல் இதழுக்குக் கடைகளிலிருந்து வந்த ஆர்டர் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல். ஒரே இதழில் உயிர்த்தெழுந்த தொடர் என்று இதைச் சொல்வது அந்தப் பதினாறு ஆண்டு உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

“நல்ல கதை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்”

பிழைக்காது. இதைச் சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நின்றுபோவதற்கு முந்தைய எக்ஸ்-மென் இதழ்களை, 56 முதல் 65 வரை பெரும்பாலும், வரைந்தவர் நீல் ஆடம்ஸ். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் பழைய முறையை உடைத்து, சாய்ந்தும் சரிந்தும் ஓடும் சட்டங்களில் அவர் செய்த வேலையை இன்றும் ஓவியர்கள் பார்த்துக் கற்கிறார்கள். ராய் தாமஸின் எழுத்தும் அப்போது கூர்மையாக இருந்தது. தொடர் நிஜமாகவே தேறிவிட்டிருந்தது. இருந்தும் மூடினார்கள்.

காரணம் கடை முறையில் இருந்தது. பத்திரிகைக் கடைகளில் விற்காத பிரதிகள் ரிட்டர்ன் ஆகி, எண்ணி முடித்து, கணக்கு பதிப்பகத்துக்கு வர மாதங்கள் ஆகும். இன்றைய இதழ் நன்றாக இருந்தாலும், தீர்ப்பு எழுதப்படுவது சில மாதங்களுக்கு முந்தைய இதழின் கணக்கை வைத்து. தொடர் திருந்தியதற்கும் அது கணக்கில் தெரிவதற்கும் இடையே உள்ள அந்த இடைவெளியில்தான் பல நல்ல தொடர்கள் செத்தன. கிர்பி டிசிக்குப் போய்ப் படைத்த நியூ காட்ஸ் 1972-இல் பதினோரு இதழ்களோடு நின்றது. அந்த உலகத்துக்காக அவர் உருவாக்கிய டார்க்சைட் இன்று டிசியின் மிகப் பெரிய வில்லன்களில் ஒருவன். தொடரின் ஆயுள் வேறு, அதன் விதையின் ஆயுள் வேறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தடுமாறிய தொடர்களில் பெரும்பாலானவை தேறுவதில்லை. எழுந்தவற்றின் பெயர்தான் நமக்கு நினைவிருக்கிறது. விழுந்தவை பழைய புத்தகக் கட்டுகளுக்குள் கிடக்கின்றன.

“பழையதைத் துடைத்தால்தான் புதியது பிறக்கும்”

1982-இல் டிசி ஸ்வாம்ப் திங் தொடரைப் புதிதாகத் தொடங்கியது. அதே ஆண்டு வெளியான திரைப்படத்தின் வெளிச்சத்தில் வந்த இதழ். வெளிச்சம் அணைந்ததும் விற்பனையும் சரிந்தது. இருபதாம் இதழிலிருந்து எழுத, இங்கிலாந்திலிருந்த ஆலன் மூரை அழைத்தார்கள்.

அதுவரை இருந்த கதை இதுதான்: அலெக் ஹாலந்து என்ற விஞ்ஞானி குண்டுவெடிப்பில் தீப்பற்றிச் சதுப்பு நீரில் விழுகிறார், அவருடைய ரசாயனத்தின் விளைவாகத் தாவர உடல் கொண்டு எழுகிறார், மறுபடி மனிதனாக மாற வழி தேடுகிறார். மூர் இதில் ஒரு சம்பவத்தையும் அழிக்கவில்லை. குண்டு வெடித்தது, தீ பிடித்தது, நீரில் விழுந்தார், எல்லாம் அப்படியே. 1984 தொடக்கத்தில் வந்த 21-ஆம் இதழில், உறைந்து கிடக்கும் அந்த உடலை ஒரு ஆய்வாளர் அறுத்துப் பார்க்கிறார். உள்ளே நுரையீரல் போல ஒன்று இருக்கிறது, அது மூச்சு வாங்காது. இதயம் போல ஒன்று, துடிக்காது. ஹாலந்து அன்றே இறந்துபோனார். எழுந்தது, தன்னை ஹாலந்து என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு செடி.

மனிதனாகத் திரும்ப முடியாது. ஏனென்றால் அது ஒருபோதும் மனிதனாக இருந்ததில்லை. பழைய இதழ்கள் அத்தனையும் திடீரென்று துயரம் நிறைந்தவையாகிவிட்டன. துடைத்தழித்திருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. ஆய்வு செய்கிறவரைக்கூட மூர் புதிதாகப் படைக்கவில்லை. 1960-களில் ‘தி ஆட்டம்’ என்ற இதழில் வந்துபோன ஒரு சில்லறை வில்லனைத் தூசிதட்டி எடுத்தார்.

ஃபிராங்க் மில்லர் டேர்டெவிலில் செய்ததும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் நாயகனுக்கு எதிரே நிறுத்திய கிங்பின் ஸ்பைடர்மேன் இதழ்களின் வில்லன். புல்ஸ்ஐ அவருக்கு முன்பே டேர்டெவிலில் வந்தவன். பார்வையற்ற வக்கீல் என்ற கருவும் 1964-இலேயே இருந்ததுதான். வீட்டில் இருந்த பாத்திரங்களை வைத்தே மில்லர் வேறு சமையல் செய்தார்.

“ஒரு மேதை வந்தால் போதும்”

கிளேர்மான்ட், மூர், மில்லர் என்று எழுத்தாளர்களின் பெயரையே சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களை அழைத்தது யார் என்று கேட்பதில்லை. மூரை அழைத்த ஆசிரியர் லென் வீன். 1971-இல் ஓவியர் பெர்னி ரைட்சனுடன் சேர்ந்து ஸ்வாம்ப் திங்கைப் படைத்தவரும் அவரே. எக்ஸ்-மென்னின் புதிய குழுவை எழுதித் தொடங்கிவைத்து, வேலைப்பளுவால் கிளேர்மான்டிடம் ஒப்படைத்தவரும் அவரே. தான் பெற்ற பிள்ளை ஒரு செடி மட்டுமே என்று இன்னொருவர் எழுதிக் கொடுத்தபோது, அதை ஏற்று அச்சுக்கு அனுப்பியிருக்கிறார் என்றால் அந்த மனசைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இரண்டு பெரிய மீட்சிகளிலும் இந்த ஒரு மனிதரின் கை இருக்கிறது. 2017-இல் அவர் காலமானபோது, வுல்வரினைப் படைத்தவர் என்ற வரியோடு பல அஞ்சலிகள் முடிந்துபோயின.

டேர்டெவில் 1979-இல் இரு மாத இதழாகத் தேய்ந்திருந்தது. 158-ஆம் இதழில் ஓவியராக நுழைந்தபோது மில்லருக்கு இருபத்திரண்டு வயது. ஓவியரிடமே எழுத்தையும் கொடுக்கலாம் என்று துணிந்தவர் அப்போதைய ஆசிரியர் டென்னி ஓ'நீல். மில்லர் எழுதிய முதல் இதழான 168-இல் எலெக்ட்ரா என்ற புதிய பாத்திரம் வந்தது. விரைவிலேயே இதழ் மீண்டும் மாத இதழானது. திறமை வேண்டும்தான். அதற்கு இடம் கொடுத்துப் பொறுத்திருக்கும் ஆசிரியர் இல்லாவிட்டால் அந்தத் திறமை வேறு பதிப்பகத்துக்குப் போயிருக்கும்.

“மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும்”

2011 செப்டம்பரில் டிசி ஐம்பத்திரண்டு தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. கடைகளில் கூட்டம் கூடியது உண்மை. அவற்றில் ஆறு தொடர்கள் எட்டாம் இதழோடு 2012-இல் நிறுத்தப்பட்டன. எண் மாறினால் ஒரு மாதம் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

“இரண்டாம் இதழில் விற்பனை சரிந்தால் கதை சரியில்லை என்று அர்த்தம்”

இன்று அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் பெரும்பாலும் தனிக் கடைகளில் விற்கின்றன. 1970-களில் ஃபில் சூலிங் தொடங்கிவைத்த இந்த நேரடி முறையில் பொதுவாக ரிட்டர்ன் கிடையாது. விற்காத பிரதி கடைக்காரர் தலையில். அதனால் அவர் இரண்டு மூன்று மாதம் முன்பே கணக்குப் போட்டு ஆர்டர் கொடுக்கிறார். முதல் இதழ் வாசகர் கைக்கு வருவதற்குள் இரண்டாம், மூன்றாம் இதழ்களுக்கான ஆர்டர் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். முதல் இதழை ஐந்தாறு வெவ்வேறு அட்டைப்படங்களோடு விடுவதால், சேகரிப்பவர்கள் ஒருவரே பல பிரதிகள் வாங்குகிறார்கள். இரண்டாம் இதழில் அவர்கள் இருப்பதில்லை. வீழ்ச்சி எல்லாத் தொடர்களுக்கும் வருகிறது. கதை நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு அதில் இல்லை. ஐந்தாவது ஆறாவது இதழில் ஆர்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் பேசும்.

இதன் இன்னொரு பக்கம் வாசகருக்கு முக்கியம். “தொகுப்பாக வரட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவரின் விருப்பம் அந்த ஆரம்பக் கணக்கில் ஏறாது. தொகுப்பு வருவதற்குள் தொடரே முடிந்திருக்கலாம்.

தடுமாறும் ஒரு தொடரைக் கையில் வைத்துக்கொண்டு, விடுவதா தொடர்வதா என்று யோசிக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: எழுத்தாளர் தன் நாயகனிடம் புதிய கேள்வி கேட்கிறாரா, அல்லது புதிய வில்லனை மட்டும் கொண்டுவருகிறாரா? ஹல்க்கின் ஆறு இதழ்களில் விதிகள் மாறிக்கொண்டே இருந்தாலும், பேனர், ஹல்க் இருவரில் நிஜ மனிதன் யார் என்ற கேள்வி ஒவ்வொன்றிலும் இருந்தது. கேள்வி இருக்கும் தொடருக்கு நான் ஆறு இதழ் வரை கொடுப்பேன். வில்லன்கள் மட்டும் வரிசையில் வந்தால், மூன்றாவதோடு நிறுத்திவிடுவேன்.

எக்ஸ்-மென்னைப் படிக்காதவர்கள் 1975-இன் ஜயண்ட்-சைஸ் இதழில் தொடங்கி, 94-ஐத் தொட்டு, 137 வரை இடைவிடாமல் படியுங்கள். பிறகு 1965-க்குத் திரும்பி, மனிதர்கள் பயத்தால் இயந்திரங்களை ஏவிவிடும் சென்டினல் கதையை, 14 முதல் 16 வரை, எடுத்துப் பாருங்கள். கிளேர்மான்ட் பின்னாளில் விளைவித்த பயிரின் விதை அங்கே கிடக்கிறது.